திருப்பிப் பார்க்காத மூலைமட்டம்

போன மாதம் உங்களில் ஒருவர், மரத்தில் செங்கோணம் பிடிக்கிற என் மூலைமட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாய், பிடியோட முதுகுல எண்ணெய்க் கறை மாதிரி மூணு இருக்குங்க. உப்புத்தாள் போட்டு எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆசையாகக் கேட்ட பிள்ளையிடம் அப்படி நடந்திருக்கக் கூடாது. அந்தக் கறை வந்த விதத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அது டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற மற்றவர்களும் படியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. போனில் நாலு தட்டுத் தட்டுகிறீர்கள். மூன்றாம் நாள் பளபளவென்று ஒரு மட்டம் அட்டைப்பெட்டியில் வாசலுக்கே வந்துவிடுகிறது. எழுபதுகளில் திருவண்ணாமலையில் மரவேலை செய்தவனுக்கு நேரான மட்டம் ஒன்று கிடைப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். என் செருப்பும் தேய்ந்தது. ஆனால் அப்படி அலைந்ததில் எனக்கு இருந்த குஷி உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த அளவில் கணக்கு நேராகிவிட்டது.

நான் வேலை பார்த்த பட்டறை செங்கம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதை நடத்தியவரை ஊரே மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். பட்டறைக்குப் பின்னாலேயே அவர் வீடு. அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். மேஸ்திரியோடு சேர்த்து ஆறு பேர் வேலை செய்தோம். அதில் முஸ்லிம் நான் ஒருவன்தான். மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோவேன். குழம்பு அக்கா ஊற்றுவார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. குறி போடுகிறவன் ஒருவன், அறுக்கிறவர்கள் மற்றவர்கள். மரத்தில் எங்கே அறுக்க வேண்டும், எங்கே துளைக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்தக் கோட்டை யாரும் மறுபடி அளந்து பார்க்க மாட்டார்கள். அப்படியே ரம்பத்தை வைத்துவிடுவார்கள். என் கோடு தப்பினால் நாலு பேர் உழைப்பும் தப்பு. அந்த இடம் எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

எங்களில் ரம்பம் பிடிப்பதில் முனுசாமியை மிஞ்ச ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். நான் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "பாய், கோட்டத் துன்றதா, உடறதா?" கோட்டின் மேலேயே அறுப்பதா, கோடு மிச்சம் நிற்கும்படி ஓரமாக அறுப்பதா என்று அர்த்தம். ஒருநாள் ஏதோ யோசனையில் "தின்னுடு" என்றேன். அது விட வேண்டிய கோடு. ஜன்னல் கதவு சின்னதாகிப்போனது. முனுசாமி என் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன் மொக்கை முனையை எனக்கே காட்டினார்.

"இந்தக் கோட்டுல ஒரு மாட்டுவண்டி போவும் பாய். நான் எந்த ஓரமா போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்ல வேளை வந்தது. அகலமே இல்லாத கோடு ஒன்று வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கூரான கத்தியால் கீறிய கோட்டுக்கு அகலம் கிடையாது. இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கழிவு. நடுவில் கேள்வி கேட்க இடமே இல்லை.

கத்தி எங்கே கிடைக்கும்? கடையில் விற்றதெல்லாம் காய் நறுக்குகிற சாதி. கீழ்பென்னாத்தூரில் மண்வெட்டி, கதிரரிவாள் அடிக்கிற ஒரு கொல்லரிடம், மரம் அறுக்கிற மில் ரம்பத்தின் உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் சாய்வாக, மறுபக்கம் தட்டையாக வேண்டும் என்றேன். தட்டையான பக்கம் மட்டத்தை ஒட்டிக்கொண்டு போனால்தான் கோடு நகராது. அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டு பக்கமும் தீட்டிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தேன். "ஒரு பக்கம் தீட்டுனா கத்தி ஒரு பக்கமா இழுக்குங்க, கைய வெட்டிக்குவீங்க" என்றார். "இழுக்கணும்னுதான் கேக்கறேன்" என்றேன். மூன்று தடவை பஸ் ஏறிப் போன பிறகு கத்தி கிடைத்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸின் மரச் சீட்டில் கீறிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கீறவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

அடுத்தது, பலகையின் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறுகிற கட்டை. பட்டறையில் கேஜ் என்போம். புளியமரத்தில் நானே செய்துகொண்டேன். அதற்கு முள் வேண்டும். ஆணியை அரத்தால் ராவிப் போட்டால் மரநாரைக் கிழித்துக்கொண்டு போகும். சைக்கிள் கம்பி வளைந்தது. கடைசியில் கல்யாணத்துக்கு மைக்செட் போடுகிற கடையில் பாட்டுத்தட்டு ஓட்டுகிற பழைய ஊசிகள் ஒரு தகர டப்பா நிறையக் கிடந்தன. "இதுல இன்னா பாட்டு கேக்கப்போற பாய்?" என்று சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அந்த ஊசி தேக்கில் இழுத்த கோட்டைப் பார்த்தால் தலைமுடியை வைத்தது போல இருக்கும். நான் மேஸ்திரியை இழுத்துவந்து காட்டினேன். அக்காவையும் அடுப்பிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "கோடு எங்க கீது?" என்றார். எனக்கு அது பெரிய பாராட்டாகப்பட்டது.

மூலைமட்டத்துக்குத்தான் பெரும்பாடு. உள்ளூர்க் கடைகளில் இருந்தவை பார்வைக்கு அழகாக இருக்கும். ஒரு மட்டம் நேரா கோணலா என்று கண்டுபிடிக்கிற வழி உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தின் பிடியை அணைத்து ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தை அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒரே கோடாகப் படுத்துக்கொண்டால் மட்டம் நேர். கால் விரித்தால் கோணல். இதற்கென்று ஒரு சின்னப் பலகையை இழைத்து, துணிப்பையில் கத்தியோடு போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். இருக்கிற மட்டத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி, திருப்பித் திருப்பிக் கீறி, ஒன்றையும் வாங்காமல் இறங்குவேன். ஒரு கடைக்காரர் பொறுமை இழந்து கேட்டார்.

"மட்டம் வாங்க வந்தீங்களா பாய், பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாத்துக் கட்டியே மூணு வருசம் ஆவுதுங்க. இதுதான் அமைய மாட்டேங்குது" என்றேன்.

கடைசியில் அது அமைந்தது மெட்ராஸில். புது மட்டம் விற்கிற கடையில் இல்லை. பழைய இரும்புக் கடையில், கீல்களும் பூட்டுகளும் கொட்டிக் கிடந்த குவியலில். கோடு போடுகிற இரும்பு அலகு முழுக்கத் துரு. பிடி கருத்துப்போன ஈட்டி மரம். பிடியின் உள்முகத்தில், மரத்தோடு அணைகிற இடத்தில், பித்தளைத் தகடு பதித்திருந்தது. தோளில் தொங்கிய பையை இறக்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து பலகையில் ஒரு கோடு கீறினேன். திருப்பிப் போட்டுக் கீறினேன். இரண்டாவது கோட்டைக் காணவில்லை. முதல் கோட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துவிட்டது. இன்னொரு தடவை செய்தேன். இன்னொரு தடவையும் செய்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திண்டிவனம், செஞ்சி என்று பஸ் வந்துகொண்டே இருக்க, நான் வாங்கிய மட்டத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் மூலைமட்டத்தின் அருமையை விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் கீழ்பென்னாத்தூரில் இறங்கினார். அவருடைய ஊர் அதுதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

துருவை எடுத்து, எண்ணெய் போட்டு, மறுநாள் அந்த மட்டத்தை அணைத்துக் கத்தியால் ஒரு கோடு கீறி முனுசாமியிடம் கொடுத்தேன். அவர் ரம்பத்தை வைத்தார். கத்தி கீறிய பள்ளத்தில் ரம்பப் பல் தானாகவே போய் உட்கார்ந்தது. அறுத்து முடித்து, வெட்டுமுகத்தை விரலால் தடவினார்.

"இப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாய்" என்றார்.

அதற்கப்புறம் மேஸ்திரியின் பழைய மர மட்டத்தை ஆணியில் மாட்டினோம். மாட்டச் சொன்னவன் நான். இனிமேல் இந்தப் பட்டறையில் ஒரே மட்டம்தான் என்றேன். மேஸ்திரி சரி என்றார்.

அந்த வருஷம் ரமணாசிரமம் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதிக்கு எட்டு ஜோடிக் கதவு செய்யும் வேலை வந்தது. பட்டறைக்கு அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. கார்த்திகைத் தீபத்துக்கு ஜனம் வருவதற்குள் கதவுகள் மாட்டியாக வேண்டும். ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்திரங்களை மேஸ்திரி மொத்தமாக எடுத்திருந்தார். எட்டு ஜோடிக்கு அது போதும். ஒன்பதாவது ஜோடிக்குப் போதாது. அதே நிறத்தில், அதே வைரத்தில் இன்னொரு துண்டு தேடினாலும் கிடைக்காது. வேலையைத் தொடங்க வேண்டிய நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் அன்றைக்குச் சாமான்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைப்போம். பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் உண்டு. அன்று முழுக்க யாரும் சாமான்களைத் தொடமாட்டோம். மறுநாள் எடுத்து வேலை தொடங்குவோம். எல்லோருடைய சாமான்களோடு என்னுடையதும் வரிசையில் இருக்கும். நான் சேர்ந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான். அந்த வருஷம் என் மூலைமட்டத்துக்கு அது முதல் பூஜை. உளி, இழைப்புளி எல்லாம் படுத்துக் கிடக்க, என் மட்டத்தை மட்டும் பித்தளைப் பக்கம் தெரியும்படி நிறுத்தி வைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. அக்கா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் என் மட்டத்திடம் நின்றார்.

"இது என்னா பாய், தங்கம் மாதிரி மின்னுது?" என்று சொல்லி, பித்தளை மேலேயே மூன்று பொட்டு தாராளமாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் முனுசாமி ரம்பத்தை எடுத்து, லுங்கி முனையால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே. நான் துடைக்கவில்லை. மட்டத்தைக் கையில் எடுத்தேன். அக்கா பின்வாசலில் நின்றிருந்தார். ஒரு முஸ்லிம், பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கிறான் என்று யாராவது நினைத்துவிட்டால்? அந்தப் பட்டறையில் ஒருவரும் என்னை அப்படி நினைக்க வைத்ததில்லை. நினைத்தது நானேதான். குங்குமத்தை மட்டும் வாயால் மெதுவாக ஊதிவிட்டேன். சந்தனம் அப்படியே நின்றது. பித்தளையும் மஞ்சள், காய்ந்த சந்தனமும் மஞ்சள். மத்தியானத்துக்குள் எனக்கே அது கண்ணில் படவில்லை, நினைவிலிருந்தும் போய்விட்டது.

மூன்று நாள் குறி போட்டேன். எட்டு ஜோடிக் கதவுக்கும் வேண்டிய குறுக்குச் சட்டங்கள் முழுவதும் கத்தியால் கீறி முடித்தேன். அவ்வளவு வேகமாக, அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் வேலை செய்ததில்லை. நான் கீறக் கீற, முனுசாமியும் இன்னொருவரும் ஆளுக்கொரு ரம்பத்தால் முனைகளை அறுத்துக்கொண்டே வந்தார்கள். குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, நெட்டுச் சட்டத்தின் துளையில் செருகுவோம். செருகினால் இரண்டு மரமும் இடைவெளி தெரியாமல் ஒட்ட வேண்டும். நாலாம் நாள் காலையில், இரண்டு ஜோடிக்கு அறுத்து முடிந்த பிறகு, முதல் கதவைப் பசை போடாமல் சேர்த்துப் பார்த்தோம்.

மேஸ்திரி கொட்டாப்புளியால் தட்டி இறுக்கினார். மூட்டின் ஒரு ஓரம் ஒட்டியது. மறு ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாலணாக் காசு நுழைகிற சந்து. இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். சந்து மூடவில்லை.

"மழை ஈரத்துல ஊதியிருக்குமோ?" என்று யாரோ சொன்னார்கள். நாற்பது வருஷம் கூரையில் காய்ந்த மரம், அது ஊதாது. மேஸ்திரி முனுசாமியைப் பார்த்தார்.

"ரம்பம் சாஞ்சிருக்கு."

"நான் பாய் போட்ட கோட்டுலதான் போனேன்" என்றார் முனுசாமி.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "பாய், உன் கோடு?"

"மட்டம் தப்பாது மேஸ்திரி" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். ஆனால் அந்த மூன்று வார்த்தைக்கு அங்கே ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. முனுசாமிக்கு அது உடனே புரிந்தது. ரம்பத்தைக் கீழே வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி மேஸ்திரி. கை சாயறவனுக்கு இங்க என்னா வேல. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

மேஸ்திரி தடுக்கவில்லை. அவர் கண் தேக்குச் சட்டங்களின் மேலேயே இருந்தது. முனுசாமி பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வாயை மூடிக்கொண்டு மூட்டுகளைப் பார்த்ததுதான். ஒரு மூட்டை இல்லை, எல்லா மூட்டையும். எல்லாவற்றிலும் சந்து ஒரே ஓரத்தில் இருந்தது. எல்லாம் ஒரே அளவு. ரம்பம் தப்பு செய்தால் ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு மாதிரித் தப்பும். கை ஒரு தடவை இப்படிச் சாயும், ஒரு தடவை அப்படிச் சாயும். அதோடு அந்தச் சட்டங்களில் பாதிதான் முனுசாமி அறுத்தது. மீதியை இன்னொருவர் வேறு ரம்பத்தால் அறுத்திருந்தார். இரண்டு கை, இரண்டு ரம்பம், ஒரே சந்து. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது என் கோடு.



"முனுசாமி, கொஞ்சம் நில்லு. யாரும் ரம்பத்தத் தொடாதீங்க" என்றேன்.

மெட்ராஸ் வரை தூக்கிக்கொண்டு அலைந்த அந்தச் சின்னப் பலகையைத் தேடி எடுத்தேன். மட்டம் வந்த நாளிலிருந்து அது மூலையில் தூசி படிந்து கிடந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். ஊரில் இருக்கிற மட்டத்தையெல்லாம் திருப்பிப் போட்டுச் சோதித்தவன், சொந்த மட்டம் கைக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு கோடு கீறினேன். திருப்பிப் போட்டுக் கீறினேன். கோடு கால் விரித்தது.

பிடியை வெளிச்சத்தில் காட்டினேன். பித்தளையில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவினேன். பிடியின் கடைசி ஓரத்தில் ஒரு மேடு நெருடியது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து, சந்தன வாசனை வந்தது. மற்ற இரண்டு பொட்டும் மரத்தில் உரசித் தேய்ந்திருந்தன. இந்த ஒன்று மட்டும் சுண்ணாம்பு மாதிரி இறுகி, நான் பிடியை அணைத்தபோதெல்லாம் அதை இம்மி நெம்பிவிட்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டுவந்தார்.

தம்பிகளே, தொழிலில் தப்பு நடந்துபோவது பெரிய விஷயம் இல்லை. அது தெரிந்த மறு நொடி இருக்கிறதே, அதுதான் கஷ்டம். என் கட்டைவிரல் அந்தப் பொருக்கின் மேல் இருந்தது. ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு "மட்டம் எங்கயோ அடிபட்டிருக்கு" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், பூஜைச் சந்தனத்தால் வேலை கெட்டது என்று ஒரு முஸ்லிம் சொன்னதாக ஆகும். அதுவும் அக்கா முகத்துக்கு நேரே. சொல்லாவிட்டால், மட்டம் எப்போது அடிபட்டது என்ற சந்தேகத்தில் முனுசாமி மேல் விழுந்த பழி முழுசாகப் போகாது. முனுசாமி கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்திருந்தார்.

"மட்டத்து மேல தப்பு இல்ல. முனுசாமி மேலயும் இல்ல. என் மேலதான்" என்றேன். "பூஜைல வெச்ச சந்தனம் பித்தளைல ஒட்டினு இருந்திருக்கு. நான் தொடைக்கல."

அக்கா டீத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் தொடைக்கல?"

நான் பித்தளையை நகத்தால் மறுபடி சுரண்டினேன்.

"மத்தவங்கல்லாம் மறுநாளே லுங்கில தொடச்சிட்டு வேலையப் பாத்தாங்க. நீ மட்டும் ஏன் தொடைக்கல பாய்?"

"நீங்க வெச்சது அக்கா. நான் தொடைச்சா..." என்று இழுத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எட்டு வருசமா என் கொழம்ப ஊத்தித் துன்ற. அது வயித்துக்குள்ள போவலாம், ஒரு பொட்டத் தொடைக்க மட்டும் உனக்குப் பயமா? எங்கள அப்பிடித்தான் நெனச்சினு இருந்தியா இத்தன நாளும்?"

கோடு தப்பியதற்குப் பட்ட வெட்கத்தைவிட அந்தக் கேள்விக்குப் பட்ட வெட்கம் பெரிது. தலை குனிந்து நின்றேன். அக்கா என் கையிலிருந்து மட்டத்தை வாங்கி, முந்தானையால் பித்தளையை அழுத்தி, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். திருப்பி என் கையில் கொடுத்தார்.

"இந்தா. இப்ப போடு கோட்ட."

போட்டேன். திருப்பிப் போட்டேன். இரண்டும் ஒன்றாகப் படுத்தன.

இனி மரம். பென்சில் கோடு என்றால் அழிக்கலாம். கத்தி கீறியது கீறியதுதான். எட்டு ஜோடியிலும் தப்புக் கோடு. இரண்டு ஜோடியில் தப்பு வெட்டு. மேஸ்திரி, அறுத்ததை மட்டும் சரிபண்ணிவிட்டு மற்றதை முதலில் நினைத்த அளவுக்கே செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு ஜோடி ஒடுங்கலாகவும் ஆறு ஜோடி அகலமாகவும் ஒரே தாழ்வாரத்தில் நின்றால், அந்த விடுதிக்கு வருகிற ஒவ்வொருவர் கண்ணும் அங்கேதான் போகும். எட்டையும் ஒரே அளவாகக் குறைப்போம். புதுக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் பழைய கோடு கழிவோடு அறுந்து போய்விடும். இரண்டு கதவும் சேருகிற இடத்தில் நடுப்பட்டியை அதற்குத் தக்கபடி அகலமாக்கிவிடலாம் என்றேன். மேஸ்திரி, "சொல்லிட்டு செய்வோம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு விடுதிக்காரரிடம் போனார். மறைக்கவில்லை, மழுப்பவில்லை, குறி தப்பிவிட்டது, கதவு இவ்வளவு ஒடுங்கும் என்றார். விடுதிக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "சாத்துனா சாத்துமா?" சாத்தும் என்றாராம். "அப்ப போடுங்க."

முனுசாமியிடம் நான் தனியாகப் போனேன். "மட்டம் தப்பாதுன்னு சொன்னது உன்னச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு" என்றேன்.

"ஆயிடுச்சு இல்ல பாய். சொன்ன" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "திருப்பிப் பாத்துட்டு குடு. அறுக்கறேன்."

கதவுகள் தீபத்துக்கு நாலு நாள் முன்னாலேயே மாட்டி முடிந்தன. அதற்கப்புறம் முனுசாமி அந்தப் பட்டறையில் இருந்த வரைக்கும் தினம் காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "திருப்பிப் பாத்தியா பாய்?" என்றுதான் கேட்டார். சில நாள் எரிச்சலாக வரும். ஆனால் ஒருநாள்கூடப் பார்க்காமல் "பாத்தேன்" என்று சொன்னதில்லை. நீங்கள் எவ்வளவு ஒஸ்தியான மட்டம் வேண்டுமானாலும் வாங்குங்கள். வாங்கும்போது படுகிற சந்தேகத்தை வாங்கிய பிறகும் தினம் ஒரு நிமிஷம் படுங்கள். யாருடைய ரம்பத்தையாவது குறை சொல்ல வாய் வந்தால், அதற்கு முன்னால் உங்கள் மட்டத்தின் மேல் இரண்டு நிமிஷம் சந்தேகப்படுங்கள்.

கறைக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மட்டத்தை இந்தத் தடவை மற்ற சாமான்களோடு படுக்கவைத்தேன், பித்தளை கீழே, பிடியின் முதுகு மேலே. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். என் மட்டத்திடம் நின்றார். பொட்டு வைக்கவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"உங்க தர்கா சந்தனக்கூடுக்கு எங்க கைல எல்லாம் பூசி உடற இல்ல? இந்தா, நீயே வை. எங்க வெச்சா வேல கெடாதுன்னு உனக்குத்தான் தெரியும்."

முனுசாமி, மேஸ்திரி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விரலைச் சந்தனத்தில் தொட்டு, பிடியின் முதுகில், மரத்தில் ஒருநாளும் படாத பக்கத்தில், மூன்று பொட்டு வைத்தேன். மறுநாள் காலையில் எல்லோரையும் போல லுங்கி முனையால் துடைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கிண்ணம் என் கைக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் நான் வைத்தேன், நான் துடைத்தேன். ஈட்டி மரத்தில் எண்ணெய்க் கறை மாதிரி நீங்கள் பார்த்த மூன்றும் என் விரல் விழுந்த இடம்.